எட்டாவது தபசு

கோமதியம்மன் கோயில் திருவிழாவான ஆடித்தபசு அன்றைக்குத் தென்காசி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. குருவிகுளம் யூனியன் ஆபீஸில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருக்கும் பொன்மணிக்கு மட்டும் வருஷத்தில் வேறெந்த நாளிலும் அவ்வளவு வேலை இருக்காது. விடுமுறைச் சுற்றறிக்கை வந்ததுமே பக்கத்து நாற்காலி ரிஸானா ஆரம்பித்துவிடுவாள்.

"ஏட்டி, ஒன்னைப் பொண்ணு பாக்கதுக்குக் கலெக்டரே லீவு விட்டுட்டாரு. ஒனக்கு மாப்பிள்ளை கெடைக்க வரைக்கும் மாவட்டத்துக்கே ஒரு நாள் லாபம்."

"கெடைச்சுட்டா?"

"கெடைச்சுட்டா எல்லாவளும் வந்து வேலை பாக்கணும். அதனால நான் ஒனக்காக துஆ கேக்கப் போறதில்ல."

ரிஸானா சொன்னதில் மிகை ஒன்றுமில்லை. இருபத்தைந்து வயதிலிருந்து முப்பத்து மூன்று வயது வரை, கொரோனாவில் திருவிழா நின்றுபோன வருஷத்தைக் கழித்துவிட்டால், ஒவ்வொரு ஆடித்தபசிலும் பொன்மணியை யாராவது ஒரு வீட்டார் வந்து பார்த்தார்கள். இது அவளுடைய அம்மா ஆறுமுகத்தாயின் ஏற்பாடு. வீட்டுக்கு வந்து பார்த்தால் சொக்காரப் பங்காளிகள் காப்பி டம்ளரை எண்ணுவார்கள். மறுநாள் பதில் வரவில்லையென்றால் அதையும் எண்ணுவார்கள். திருவிழாக் கூட்டத்தில் அந்தத் தொல்லை கிடையாது. அவர்கள் சாமி பார்க்க வந்தார்கள், நாமும் சாமி பார்க்கப் போனோம், தற்செயலாகச் சந்தித்தோம். பிடித்திருந்தால் அது கோமதியம்மன் கூட்டிவைத்தது. பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை. நாலு லட்சம் பேர் கூடுகிற இடத்தில் ஒரு பெண்ணை ஒளித்துவைத்துக் காட்டுவதைப் போல வசதியான முறையை எந்தக் கல்யாணத் தகவல் நிலையமும் கண்டுபிடித்ததில்லை.

இந்த ஏற்பாட்டுக்குச் சில சட்டங்கள் உண்டு. பெண்ணின் அப்பா வரக்கூடாது. வந்தால் அது பெண் பார்ப்பதாக ஆகிவிடும். எனவே ஆவுடையப்பன் தபசன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து டிவியில் தபசு பார்ப்பார். வீடு கோயிலிலிருந்து ஐந்து நிமிஷ நடை. பெண் பட்டுச்சேலை உடுத்தக்கூடாது. மாப்பிள்ளை பெண்ணோடு பேசக்கூடாது. பெண்ணை யாரும் இன்னாரென்று காட்டக்கூடாது. பெண் மட்டும் தனியாகவும் வந்து நிற்கக்கூடாது. கூட ஒரு பெண் பிள்ளை இருந்தால்தான் கோயிலுக்கு வந்த மாதிரி இருக்கும்.

முதல் வருஷம் பொன்மணி சட்டப்படி வாயை மூடிக்கொண்டுதான் நடந்தாள். வந்தவர்கள் வெளியூர்க்காரர்கள். அவர்களும் பேசவில்லை. இரண்டு குடும்பங்கள் துக்க வீட்டுக்கு வந்ததுபோல ஒன்பது நிலைக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த மௌனம் தாங்காமல், சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகராஜாக்கள் சிவன் பெரியவரா, பெருமாள் பெரியவரா என்று சண்டை பிடித்த கதையை அவள் சொல்ல ஆரம்பித்தாள். நன்றாகச் சொன்னாள். அடுத்த வருஷத்திலிருந்து கோயில் சுற்றிக் காட்டுவது அவள் பொறுப்பாகிவிட்டது. புற்றுமண் எங்கே எடுக்க வேண்டும், நாகசுனையில் எந்தப் படியில் வழுக்காது, எந்த வரிசையில் நின்றால் சீக்கிரம் உள்ளே போகலாம் என்பதெல்லாம் ஏழு குடும்பங்களுக்கு அவள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அதில் இரண்டு குடும்பங்கள், பெண் நன்றாகப் பேசுகிறாள் என்ற காரணத்துக்காகவே வேண்டாமென்று சொல்லியனுப்பின.

எட்டாவதாக வந்தது மதுரைக் குடும்பம். பூர்வீகம் பனவடலிசத்திரம். தாத்தா காலத்தில் போனவர்கள், ஊர்த் திருவிழாவைப் பார்த்ததே இல்லையாம். மாப்பிள்ளை மகாராஜனுக்கு ஒரு தனியார் பேங்கில் வேலை. வயது முப்பத்தைந்து என்று ஜாதகக் குறிப்பில் இருந்தது. ஜாதகம் பத்துக்கு எட்டு பொருந்தியிருந்தது. இடையில் நின்று பேசியவள் ஆவுடையப்பனின் தங்கச்சி சுப்புத்தாய்.

"இதுதான் கடைசி மக்கா," என்று சுப்புத்தாய் முந்தின நாளே பொன்மணியிடம் சொல்லியிருந்தாள். "இதுக்கு மேல என் கையில ஆளு இல்ல. அடுத்த வருசம்னா ரெண்டாந்தாரமாத்தான் வரும். நான் உள்ளதைச் சொல்லுதேன்."

"சரி அத்தை."

"மொகத்தைச் சிரிச்ச மாதிரி வச்சுக்கோ. ஆனா சிரிச்சிராத."

இந்த வருஷம் துணைக்கு வந்தது சித்தப்பா மகள் கனகலட்சுமி. அப்போதுதான் காலேஜ் முடித்திருந்தாள். இருபத்து மூன்று வயது. அவள் யாருக்கும் காட்டப்படவில்லை என்பதால் பிஸ்தா பச்சையில் புதுச்சேலை உடுத்தத் தடையில்லை. பொன்மணி, வேண்டுமென்று உடுத்தியதாகத் தெரியாமலிருக்க, ஆபீசுக்குக் கட்டும் காப்பிக் கலர் காட்டன் சேலையில் வந்தாள்.

பஸ் ஸ்டாண்டைத் தாண்டி வண்டிகளைப் போலீஸ் விடவில்லை. மதுரைக்காரர்கள் வேனை விட்டு இறங்கி, வெயிலில் ஒரு மைல் நடந்து, கோபுர வாசலுக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை. மகாராஜன், அவனுடைய அம்மா ராஜகுமாரி, அக்காள் வீட்டுக்காரர் என்று மூன்று பேர். தற்செயலாகச் சந்தித்த இரண்டு குடும்பங்களும் பத்து நிமிஷமாக ஒருவரையொருவர் போனில் தேடிக்கொண்டிருந்தன.

"அட, நீங்களும் வந்திருக்கீகளா," என்றாள் சுப்புத்தாய்.

"ஆமா, சும்மா, சாமி பாத்துட்டுப் போலாம்னு," என்றாள் ராஜகுமாரி. அவளுடைய பார்வை எதிரே நின்ற நாலு பெண்கள்மேல் ஒரு சுற்று போய்வந்தது. கனகலட்சுமிமேல் கொஞ்சம் நின்றது. பொன்மணி அதைக் கவனித்தாள். புதுச்சேலை, யார்தான் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அக்காள் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "இங்க பிரியாணி நல்லாருக்கும்னாங்களே, கடை எங்கிட்டு இருக்கு?"

"சாமி பாத்துட்டுப் போலாம்," என்றான் மகாராஜன். இதற்காகவே பொன்மணிக்கு அவனைக் கொஞ்சம் பிடித்துப்போயிற்று.

உள்ளே பிரகாரம் ஆறுபோல ஓடிக்கொண்டிருந்தது. கொடியேறிய நாளிலிருந்து ஆடிச்சுற்று சுற்றுகிறவர்கள் வேர்க்க வேர்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள். விரலை மடக்கி எண்ணுகிறவர்கள், புளியங்கொட்டையை மடியிலிருந்து ஒவ்வொன்றாகப் போடுகிறவர்கள். இரண்டு குடும்பங்களும் அந்த ஓட்டத்தில் அகப்பட்டு முன்னும் பின்னுமாகச் சிதறின. எப்படியோ மகாராஜன் பொன்மணியின் பக்கத்தில் வந்துவிட்டான். வந்தவன் முழங்கையை நீட்டி, கூட்டம் அவள்மேல் விழாமல் தடுத்துக்கொண்டே நடந்தான்.

"இவங்கல்லாம் எத்தனை சுத்து சுத்துவாங்க?"

பொன்மணி திடுக்கிட்டாள். ஏழு பேரில் ஒருவன்கூட அவளோடு பேசியதில்லை. ஒருவன் செருப்பு எங்கே போட வேண்டும் என்பதைக்கூடத் தன் அம்மா மூலமாகத்தான் கேட்டான்.

"நூத்தியெட்டு. வேண்டுதலைப் பொறுத்து கூடவும் செய்யும்."

"நீங்க சுத்திருக்கீங்களா?"

"ரெண்டு வருசம்."

"கேட்டது கெடைச்சுதா?"

சிரித்த மாதிரி வைத்துக்கொள்ள வேண்டிய முகத்தில் பொன்மணி சிரித்தேவிட்டாள். "இன்னும் அம்மன் ஆபீஸ்ல பைல் நகரல."

அவனும் சிரித்தான். பிறகு சங்கன், பதுமன் கதையைக் கேட்டான். சொன்னாள். சண்டை தீரவேண்டுமென்று அம்மன் ஊசிமுனையில் ஒற்றைக்காலில் தவமிருந்ததையும், சங்கரநாராயணர் ஒருபாதி சிவன் ஒருபாதி பெருமாளாக வந்து நின்றதையும் சொன்னாள். "ரெண்டு ஆம்பளைங்க சண்டைக்கு அம்மன் எதுக்கு ஒத்தக்கால்ல நிக்கணும்?" என்று கேட்டான். இத்தனை வருஷமாக அவளே தனக்குள் கேட்டு, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த கேள்வி அது. மாப்பிள்ளைகளுக்குத் தைரியம் கிடையாது என்ற தன்னுடைய முடிவை அவள் அங்கேயே, நாகசுனைக் கரையில், திருத்திக்கொண்டாள்.

பேச்சுப் பேச்சாக, சுனாமி வந்த வருஷம் தான் பிளஸ் டூ படித்ததாகவும் அப்போது கூடப் படித்தவர்களோடு துணி சேகரித்துக் கொடுத்ததாகவும் சொன்னான். ஆபீசில் முதியோர் பென்ஷன் மனுக்களில் வயதைச் சரிபார்த்துப் பழகியவள் பொன்மணி. ஜாதகக் குறிப்புக்கும் சுனாமிக்கும் மூன்று வருஷம் இடித்தது. ஆளுக்கு முப்பத்தெட்டு. மூன்று வருஷம்தானே என்று மன்னித்துவிட்டாள். தன் வயதிலும் இரண்டைக் குறைத்துத்தான் ஜாதகம் போயிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

ஐந்து மணிக்குக் காட்சிப் பந்தலுக்கு வந்தார்கள். தெற்கு ரத வீதி முழுக்கத் தலை. மூட்டையில் பருத்தியும் வத்தலும் நெல்லுமாக, விளைந்ததை அம்மன் சப்பரத்தில் வீச விவசாயிகள் காத்திருந்தார்கள்.

"நீங்க வருசா வருசம் பாப்பீங்கள்ல?" என்றான் மகாராஜன்.

"காட்சி நேரத்தை நான் சரியாப் பாத்ததே இல்ல. கூட வந்தவங்களுக்குத் தெரியுதா, எடம் இருக்கான்னு பாத்துட்டு இருப்பேன். அதுக்குள்ள முடிஞ்சுரும்."

"இந்தத் தடவை நீங்க முன்னாடி நில்லுங்க. நான் பின்னாடி நிக்கிறேன்."

தோளைத் திருப்பி வழி விட்டான். பொன்மணி முன்னால் போய் நின்றாள். முப்பத்து மூன்று வருஷம் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு, முன்னால் நில் என்று சொல்ல மதுரையிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது. மதுரையில் தண்ணீர் உப்பாக இருக்கும் என்பார்கள், பழகிக்கொள்ளலாம் என்பதுவரை அவள் யோசித்துவிட்டாள். வேலையை விடவேண்டி வரும். பதினோராயிரம் சம்பளத்து ஒப்பந்த வேலை. விடலாம்.

அப்போது அவன் குனிந்து காதருகே பேசினான். கூட்டத்தின் சத்தத்தில் அப்படித்தான் பேசமுடியும்.

"ஒண்ணு கேக்கணும், தப்பா நெனைக்கக் கூடாது மதினி. அண்ணன் வரலையா?"

"எந்த அண்ணன்?"

"உங்க வீட்டுக்காரரு."

மதினி என்றால் பெண்டாட்டியின் அக்காள். அவளிடம் மாப்பிள்ளை பேசலாம், சிரிக்கலாம், கேள்வி கேட்கலாம். அதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. மூன்றரை மணியிலிருந்து அவன் ஒரு விதியையும் மீறவில்லை. தைரியம் என்று அவள் நினைத்தது அத்தனையும் மரியாதை.

"துபாய்ல இருக்காவ," என்றாள் பொன்மணி.

ஏன் சொன்னாள் என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். அந்த இடத்தில் நின்று பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள். நான்தான் பெண் என்று சொல்வதற்கு ஒரு முகம் வேண்டும். அவளிடம் அப்போது இருந்தது மதினியின் முகம்தான்.

"பிள்ளைங்க?"

"ஒண்ணு." பொய்யிலும் அவளுக்குப் பேராசை கிடையாது.

"தங்கச்சி ரொம்ப அமைதி. ஒரு வார்த்தை பேசக் காணோம். மதுரைக்கு வர இஷ்டம்தானா, கட்டாயப்படுத்தலையேன்னு நீங்கதான் கேட்டுச் சொல்லணும் மதினி. அவங்ககிட்ட நான் நேரா கேக்க முடியாது பாருங்க."

பந்தல் பக்கம் கூட்டம் ஆர்ப்பரித்தது. ரிஷப வாகனத்தில் சங்கரநாராயணர் எதிரே வர, அம்மன் சப்பரத்தின்மேல் பருத்தியும் பூவும் வத்தலும் மழையாக விழுந்தன. முன்னால் நின்றதால் பொன்மணிக்கு ஒன்றும் மறைக்கவில்லை. கொட்டுக்காரரின் கழுத்து நரம்பு, ஆகாயத்தில் மிதந்த பஞ்சு, சாமியின் ஒரு காதில் குண்டலம் ஒரு காதில் பாம்பு, எல்லாவற்றையும் தெளிவாகப் பார்த்தாள். அவ்வளவு நன்றாகத் தெரிந்ததைத்தான் அவளால் பிறகு மன்னிக்க முடியவில்லை.

கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் ஒரு கரும்புச்சாற்றுக் கடையருகே இரண்டு குடும்பமும் ஒன்று சேர்ந்தன. ராஜகுமாரி, சட்டத்துக்கு விரோதமாக, அங்கேயே பேச்சை எடுத்துவிட்டாள். அந்த அளவுக்கு அவளுக்குப் பிடித்திருந்தது.

"எதுக்கு மறைக்கணும், எங்களுக்குச் சின்னவளைப் புடிச்சிருச்சு. மூத்த மருமகனும் வெளிநாடாம்ல, தம்பி சொன்னான். நல்ல எடமாத்தான் குடுத்திருக்கீக."

ஆறுமுகத்தாயின் கையில் டம்ளர் அப்படியே நின்றது. "எந்த மூத்த மருமகன்?"

ஆறுமுகத்தாய் மகளைப் பார்த்தாள். மகள் கரும்புச் சக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புத்திசாலி அம்மாவாக இருந்தால் அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க மாட்டாள். ஆறுமுகத்தாய் நல்ல அம்மா.

"இவதான் பொண்ணு. இவளைத்தான் நீங்க பாக்க வந்தது. அது என் கொழுந்தன் மக."

ராஜகுமாரி பதறிப்போய்ப் போனை எடுத்து, தனக்கு வந்த படத்தைத் தேடி, கனகலட்சுமியின் முகத்தருகே பிடித்துக் காட்டினாள். அச்சாக அதே முகம். ஒரே குடும்பத்து மூக்கு, ஒரே நெற்றி. ஆனால் அது பொன்மணியின் படம்தான். இருபத்தைந்து வயதில் ஸ்டுடியோவில் எடுத்தது. அந்தப் படத்தைப் பார்த்த முதல் வீட்டார் சரியென்று சொல்லி, நகை விஷயத்தில்தான் முறிந்தது என்பதால், ராசியான படமென்று ஆறுமுகத்தாய் எட்டு வருஷமாக அதையே அனுப்பிக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தைப்போல இருப்பது இப்போது பொன்மணிக்கே கட்டுப்படியாகவில்லை.

"அது அக்கா படம்," என்றாள் கனகலட்சுமி, அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்து. "பெரியம்மா எல்லாருக்கும் அதைத்தான் அனுப்புவாங்க."

மகாராஜன் பொன்மணியைப் பார்த்தான். "துபாய்னு சொன்னீங்களே," என்றான். கோபமாகக்கூட இல்லை, கணக்கு இடிக்கும்போது பேங்கில் கேட்பார்களே, அந்தத் தொனி.

அக்காள் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த பிரியாணிக் கடை..." என்றார்.

"நேரா போயி எடது பக்கம் திரும்புங்க. வாசல்லயே கூட்டம் நிக்கும், கேக்கவே வேண்டாம்," என்றாள் பொன்மணி. தபசில் அவள் கடைசியாகச் சொன்ன வழி அது.

மூன்று நாள் கழித்துச் சுப்புத்தாய் வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. நல்ல சேதி கொண்டுவருகிறவள் என்றால் முதலில் உட்கார்ந்து காப்பி கேட்பாள்.

"வயசெல்லாம் ஒரு கொறையே இல்லன்னுட்டாவ. பாவம், நல்லவங்க. ஆனா பொய் சொன்னது மனசுக்கு ஒப்பலையாம். கட்டுன புருசன் இல்லாமலே இருக்கான்னு சொன்னவ, நாளைக்கு இருக்கவனை என்ன சொல்லுவாளோன்னு யோசிக்காவ."

"சரி அத்தை," என்றாள் பொன்மணி.

"அதான் சொன்னேன், சிரிச்சிராதன்னு." சுப்புத்தாய் குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணும் கேக்காவ. கனகத்தோட ஜாதகம் தருவாகளான்னு."

கனகலட்சுமியின் ஜாதகம் பத்துக்கு ஒன்பது பொருந்தியது. சித்தப்பா நல்ல மனுஷர். பொன்மணியின் வாயால் சரியென்று வந்தால்தான் மேற்கொண்டு பேசுவேன் என்று வீட்டுக்கே வந்துவிட்டார். ஆவுடையப்பன், ஆறுமுகத்தாய், சுப்புத்தாய் எல்லாரும் சுற்றி இருக்க, அவளை நடுவில் உட்கார்த்திவைத்துக் கேட்டார்.

"ஒனக்கு வருத்தம் இல்லையே மக்கா? ஒரு வார்த்தை சொல்லு, நான் இப்பவே வேண்டாம்னு சொல்லிருதேன்."

"எனக்கு ஒண்ணுமில்ல சித்தப்பா. ஆனா மாப்பிள்ளைக்கு முப்பத்தஞ்சு இல்ல, முப்பத்தெட்டு. சுனாமி வந்தப்ப பிளஸ் டூ படிச்சேன்னு அவரே சொன்னாரு. கனகத்துக்கும் அவருக்கும் பதினஞ்சு வருசம். விசாரிச்சுக்கோங்க."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். மாப்பிள்ளைமேல் வந்த சந்தேகத்தால் அல்ல. அண்ணன் மகளுக்காக வெட்கப்பட்டு. ஆவுடையப்பன் டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். சுப்புத்தாய் மெதுவாக, "மனசுல இருக்கது வெளிய வரத்தான செய்யும். வரட்டும், ஒண்ணும் தப்பில்ல மக்கா," என்றாள்.

துபாயில் ஒரு புருஷன் இருக்கிறான் என்று அவள் சொன்னபோது மதுரைக் குடும்பமே ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பியது. அவள் சொன்ன ஒரே ஒரு உண்மையை, அவளைத் தூக்கி வளர்த்தவர்கள் யாரும் நம்பவில்லை. விசாரிக்கவும் இல்லை. விசாரித்தால் பொன்மணியின் பேச்சைக் கேட்டதாக ஆகிவிடுமே.

அன்று அடுப்படியில் ஆறுமுகத்தாய் முதுகைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "அது நெசமாவே இருந்தாலும் நீ சொல்லிருக்கப் பிடாதுட்டி. வேற யாராச்சும் சொல்லிருக்கணும்."

"வேற யாருக்கும்மா தெரியும்?"

கனகலட்சுமி மட்டும் ஒரு நாள் தனியாக வந்து, "அக்கா, நெசமாவா?" என்று கேட்டாள். பொன்மணி ஆமாம் என்றாள். கனகம் நகத்தைக் கடித்துக்கொண்டே, "ஆனா நல்லாப் பேசுவாருன்னு சொன்னாங்களே, நீங்க ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிட்டிருந்தீங்க," என்றாள். அதற்கும் பொன்மணி ஆமாம் என்றாள். இரண்டும் உண்மைதான்.

ஆவணியில் நிச்சயதார்த்தம் வைத்தார்கள். இடம் ஆவுடையப்பன் வீடு. சித்தப்பா வீட்டில் அத்தனை பேர் உட்கார முடியாது. முந்தின நாள் ஆறுமுகத்தாய் சாம்பாருக்குப் பருப்பு எடுத்துவைத்துக்கொண்டே, ரொம்ப இயல்பாக, "நாளைக்கு ஆபீஸ்ல வேலை இருக்கும்லா?" என்றாள். இருக்கும் என்றாள் பொன்மணி. ஏழரை மணி பஸ்ஸைப் பிடித்துக் குருவிகுளம் போனாள். ரிஸானா தன் டிபன் பாக்ஸிலிருந்து இரண்டு இட்லியை எடுத்து அவள் மூடியில் வைத்தாள்.

பதினொன்றரை மணிக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது. பின்னால் பாத்திரச் சத்தமும் சிரிப்பும் கேட்டன.

"ஏட்டி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. மதுரையில இருந்து ரெண்டு வேன்ல வந்திருக்காவ. அவங்க பெரியம்மா, சித்தி எல்லாரும் இந்தக் கோயிலைப் பாத்ததே இல்லையாம். மாப்பிள்ளையோட அம்மா ஒன்னைத்தான் கேக்காவ. மூத்தவ எங்க, அவ கதை சொன்னா நேரம் போறதே தெரியாதுன்னு. மாப்பிள்ளையும் சொன்னாரு." ஆறுமுகத்தாயின் குரலில், எட்டு வருஷத்தில் ஒரு வீட்டாராவது தன் மகளைக் கேட்டு அனுப்பிய பெருமை இருந்தது. "அரைநாள் லீவு போட்டுட்டு வாயேன். ஒரு மணி நேரந்தான். நீ இல்லாம இவங்களைக் கூட்டிட்டுப் போக எங்களுக்கு ஒண்ணும் தெரியல."

பொன்மணியின் முன்னால் திரையில் ஒரு விதவைப் பென்ஷன் மனு பாதியில் நின்றது. கணவர் பெயர் என்ற கட்டத்தில் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது. அவள் அதை நிரப்பி, அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

"பன்னெண்டரைக்கு நடை சாத்திருவாங்கம்மா. இப்பவே கெளம்பச் சொல்லு."

"வழி?"

"வாசல்ல வந்து நின்னாலே கோபுரம் தெரியும். அதைப் பாத்து நடக்கச் சொல்லு," என்று போனை வைத்தாள்.